அண்ணனைப் பட்டினி போட்டது என் பத்தியம்தான்

மைலோ டின்னின் மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பித் திறப்பது எங்கள் வீட்டில் பத்து வயதுப் பிள்ளை செய்கிற வேலை. ஈராண்டுகளுக்கு முன் ஒரு காலைப் பொழுதில் என் அண்ணன் அந்த டின்னோடு சில நிமிடங்கள் போராடிவிட்டு, "இந்தா தங்கச்சி, நீயே திற" என்று என்னிடம் நீட்டினார். பட்டர்வொர்த் துறைமுகத்தில் முப்பது ஆண்டுகள் மூட்டைகளோடும் இரும்புச் சங்கிலிகளோடும் பழகிய கை அது. நான் மூடியைத் திறந்து கொடுத்தேன். வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அது வயது இல்லை. பட்டினி. அந்தப் பட்டினியைப் போட்டவளும் நான்தான்.

என்னைப் போலவே அன்பினால் தப்புச் செய்துகொண்டிருக்கும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய இருக்கும் என்பதால்தான் வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

குடிக்காதவருக்கு எப்படி வந்தது?

அந்த ஆண்டுத் தைப்பூசம் முடிந்து சில வாரங்களில் அண்ணனின் கால்கள் வீங்கின. பிறகு வயிறு உப்பியது. ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே உள்ள கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, உடனே அரசாங்க மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். அங்கே ஸ்கேன் எடுத்த பிறகு சொன்ன பெயர் சிரோசிஸ். கல்லீரலில் தழும்புக்கு மேல் தழும்பு விழுந்து, அது இறுகிச் சுருங்கிப் போகும் நோய்.

அண்ணன் குடிக்க மாட்டார். ஆனாலும் செய்தி பரவியதும், "ஒளிச்சு ஒளிச்சுக் குடிச்சிருப்பாரோ?" என்று அக்கம்பக்கத்தில் பேச்சு வந்தது. அண்ணி அதைக் கேட்டு அழுதார்.

குடி ஒரு பெரிய காரணம்தான். மலிவான சம்சு நம் தோட்டப்புற மக்களை எப்படி அழித்தது என்பதைப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறது. ஆனால் அது ஒன்றே காரணமில்லை. ஹெப்பாடைட்டிஸ் பி, சி கிருமிகளும் ஆண்டுக் கணக்கில் சத்தமின்றிக் கல்லீரலை அரிக்கும். மலேசியாவில் 1989 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு ஹெப்பாடைட்டிஸ் பி தடுப்பூசி போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்த நாம்தான் பரிசோதித்துக்கொள்ள வேண்டியவர்கள். ஹெப்பாடைட்டிஸ் சி-க்கு மருந்து இருக்கிறது. அதன் விலை எட்டாத உயரத்தில் இருந்தபோது, 2017-ல் நம் அரசாங்கம் காப்புரிமையை மீறிச் செல்லும் சட்ட அதிகாரத்தைப் பயன்படுத்தி அதை மலிவாக வரவழைத்தது. 2018 முதல் அரசாங்க மருத்துவமனைகளில் அந்தச் சிகிச்சை இலவசம்.

அண்ணனுக்கு இவை எதுவும் இல்லை. இருபது ஆண்டுகளாக இருந்த இனிப்புநீரும் தொப்பையும் சேர்ந்து கல்லீரலில் கொழுப்பை நிறைத்திருந்தன. 2019-ல் எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அந்த அளவு இன்னும் கூடுதல். கொழுப்புக் கல்லீரல் என்று ஸ்கேனில் எழுதியிருந்தால் நாம் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. அண்ணனும் பொருட்படுத்தவில்லை.

நான் வைத்த பத்தியம்

நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அண்ணன் வீடு மூன்றாம் மாடி, என் வீடு ஐந்தாம் மாடி. "சாப்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அண்ணியிடம் பொறுப்பை வாங்கிக்கொண்டேன்.

சிறு வயதில் தோட்டத்தில் இருந்தபோது எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. அம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தார். எண்ணெய் இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை, பருப்பு இல்லை. உப்பில்லாத கஞ்சி மட்டும். சில வாரங்களில் குணமானேன். கல்லீரல் என்றாலே பத்தியம் என்பது அன்று என் மனத்தில் பதிந்துவிட்டது.

அதையே அண்ணனுக்கும் செய்தேன். காலையில் கஞ்சி. மதியம் குழைந்த சோறு, மிளகு ரசம், வேகவைத்த சுரைக்காய். இரவு ஏழு மணிக்கு மீண்டும் கஞ்சி. அதோடு சரி, மறுநாள் காலை எட்டு மணி வரை ஒன்றும் கிடையாது. "கல்லீரலுக்கு ஓய்வு வேண்டும்" என்பேன். கோழி கேட்டால் கண்டிப்பேன். அண்ணன் மறுபேச்சுப் பேசமாட்டார். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

புரட்டாசி வந்தது. எங்கள் குடும்பத்தில் புரட்டாசி முழுக்கச் சைவம், சனிக்கிழமைகளில் ஒரு வேளை மட்டும் உணவு. "இந்த ஆண்டும் விட மாட்டேன்" என்றார் அண்ணன். நானும் தடுக்கவில்லை. மைலோ டின் திறக்க முடியாமல் போனது அந்த மாதத்தில்தான்.

புரட்டாசி முடிவதற்குள் அவர் பகலில் தூங்கி இரவில் விழித்திருக்க ஆரம்பித்தார். பேரப்பிள்ளையின் பெயரை மாற்றிச் சொன்னார். ஒருநாள் விடியற்காலையில் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். வேலையை விட்டு ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அம்புலன்ஸைக் கூப்பிட்டோம்.

எடை காட்டாத உண்மை

மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்தார். வயிற்று நீரை இறக்கினார்கள். மூளைக் குழப்பத்துக்கு மருந்து கொடுத்தார்கள். நான்காம் நாள் ஓர் உணவியல் நிபுணர் வந்தார். இளம் மலாய்ப் பெண். அண்ணன் என்னென்ன சாப்பிடுகிறார் என்று வேளை வேளையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். நான் பெருமையோடுதான் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

பிறகு ஒரு சிறு கருவியை அண்ணனின் வலக்கையில் கொடுத்து, முடிந்தவரை அழுத்தச் சொன்னார். முள் 19 கிலோவில் நின்றது. ஆசிய நாடுகளில் ஆண்களுக்கு 28 கிலோவுக்குக் கீழே போனால் தசை பலவீனம் என்று கணக்கு. பெண்களுக்கு அந்த எல்லை 18.

"ஆனால் அவர் எடை குறையவே இல்லையே?" என்று கேட்டேன். நோய் தெரியும் முன் 68 கிலோ, மருத்துவமனைக்கு வந்தபோது 66. அவர் அண்ணனின் சட்டைக் கையை மேலே சுருட்டிக் காட்டினார். தோளுக்குக் கீழே எலும்பும் தோலும்தான் இருந்தன. நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தது வயிற்றை. கையைப் பார்க்கவே இல்லை. நீர் இறங்கிய பிறகு நின்ற எடை 56 கிலோ. உடம்பு கரைந்துகொண்டே போக, அந்த இடத்தை நீர் நிரப்பிக்கொண்டே வந்து தராசை ஏமாற்றியிருக்கிறது.

வீட்டில் சிரோசிஸ் நோயாளி இருந்தால் தராசை மட்டும் நம்பாதீர்கள். நெற்றிப் பொட்டு குழிகிறதா, தோள் எலும்பு துருத்துகிறதா, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா, பாட்டில் மூடியைத் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். நோய் முற்றியவர்களில் பாதிப் பேருக்கும் மேல் ஊட்டச்சத்துக் குறைவோடுதான் இருக்கிறார்கள்.

ஓர் இரவு, மூன்று நாள் பட்டினி

அந்தப் பெண் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். நல்ல கல்லீரல் ஒரு சேமிப்புக் கிடங்கு. சாப்பிட்ட மாவுச்சத்தில் ஒரு பகுதியைக் கட்டி வைத்துக்கொண்டு, நாம் தூங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்துக்கு அனுப்பும். அதனால்தான் இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருந்தும் காலையில் நாம் எழுந்து நடக்கிறோம். இறுகிப்போன கல்லீரலில் அந்தக் கிடங்குக்கு இடமில்லை. சில மணி நேரத்தில் காலியாகிவிடும். அதற்குப் பிறகு உடம்பு தன் தசையையே உடைத்துச் சர்க்கரையாக மாற்றத் தொடங்குகிறது. நல்ல உடம்புக்காரர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் என்ன நடக்குமோ, அது சிரோசிஸ் நோயாளிக்கு ஒரே இரவில் நடந்துவிடுகிறது. 1980-களிலேயே ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்து எழுதியிருக்கிறார்கள்.

இரவு ஏழு மணியிலிருந்து காலை எட்டு மணி வரை என்று நான் வைத்த 'ஓய்வு' கல்லீரலுக்குக் கிடைக்கவில்லை. அண்ணனின் தொடையையும் தோளையும் அது தின்றது.

இன்னொன்றும் சொன்னார். உடம்பில் உண்டாகும் அம்மோனியாவை அப்புறப்படுத்துவது கல்லீரலின் வேலை. அது முடியாதபோது, தசைகள் அந்த வேலையில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்கின்றன. தசை கரைந்தால் அம்மோனியா தங்குகிறது. மூளை குழம்புகிறது. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பியதற்கும் நான் ஊற்றிய கஞ்சிக்கும் தொடர்பு இருந்தது.

அப்படியானால் என் மஞ்சள் காமாலை எப்படிக் குணமானது? சிறுவர்களுக்கு அந்தக் காலத்தில் பெரும்பாலும் வந்தது, அசுத்தமான நீராலும் உணவாலும் பரவும் ஹெப்பாடைட்டிஸ் ஏ. அது தானாகவே சரியாகும் நோய். பத்தியம் இருந்தாலும் சரியாகும், இல்லாவிட்டாலும் சரியாகும். பெயர் பத்தியத்துக்குப் போய்விட்டது. இறுகிய கல்லீரல் வேறு கதை. அதைக் கீழாநெல்லி இளக வைக்கும் என்பதற்குச் சான்று இல்லை. மருத்துவரிடம் சொல்லாமல் எந்த மூலிகையும் கொடுக்காதீர்கள் என்று எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். சில மூலிகைகளும் 'கல்லீரல் சுத்தி' மாத்திரைகளும் இருக்கிற கல்லீரலையும் கெடுத்துவிடும்.

புரதத்தைக் கண்டு பயந்த காலம்

பத்தியத்தை நம்பியது நம் பாட்டிமார்கள் மட்டுமில்லை. மருத்துவர்களும் பல காலம், சிரோசிஸ் நோயாளி குழம்பினால் இறைச்சி, மீன், முட்டை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள். புரதம் செரிக்கும்போது அம்மோனியா வருகிறது, ஆகவே புரதம் ஆகாது என்பது அந்தக் கணக்கு.

2004-ல் ஸ்பெயினின் பார்சலோனா நகர மருத்துவர்கள் அந்தக் கணக்கைச் சோதித்தார்கள். மூளைக் குழப்பத்தோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் ஒரு பிரிவுக்குப் புரதத்தைக் குறைத்தார்கள், மற்றப் பிரிவுக்கு வழக்கமான அளவு கொடுத்தார்கள். குறைத்ததால் குழப்பம் விரைவில் தெளியவில்லை. உடம்பின் புரதம் உடைவதுதான் கூடியது. 2016-ல் வெளிவந்த டெல்லி ஆய்வு ஒன்று நமக்கு இன்னும் நெருக்கமானது. லேசான குழப்பம் இருந்த 120 நோயாளிகளில் ஒரு பாதிக்குப் பருப்பு, பயறு போன்ற தாவரப் புரதம் நிறைந்த போதிய உணவைத் திட்டமிட்டு ஆறு மாதம் கொடுத்தார்கள். வழக்கம்போல் சாப்பிட்டவர்களைவிட அவர்களில்தான் அதிகம் பேர் தெளிந்தார்கள்.

ஐரோப்பியக் கல்லீரல் மருத்துவச் சங்கம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டி இன்று பல நாடுகளிலும் பின்பற்றப்படுகிறது. உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குக் குறைந்தது 35 கலோரி, 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்கிறது அது. எடை என்றால் நீர் நீங்கிய எடை. 56 கிலோ அண்ணனுக்கு ஏறக்குறைய 2,000 கலோரி, 67 முதல் 84 கிராம் புரதம். நான் கொடுத்துவந்த கஞ்சியையும் ரசத்தையும் அந்தப் பெண் கணக்குப் போட்டுப் பார்த்தார். புரதம் 25 கிராமைத் தாண்டவில்லை.

பருமனாக இருப்பவர்களுக்குக் கலோரிக் கணக்கு வேறு. அவர்கள் எடையைக் குறைக்க வேண்டியிருக்கலாம். ஆனால் அவர்களுக்கும் புரதத்தைக் குறைக்கக் கூடாது. சிறுநீரகக் கோளாறும் சேர்ந்திருந்தால் மருத்துவர் சொல்லும் அளவே அளவு.

ஆறு வேளை

இப்போது அண்ணன் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அண்ணியின் கையெழுத்து.

காலை 7 மணிக்குப் பசியாறல்: மூன்று இட்டிலி, பருப்பு நிறையப் போட்ட சாம்பார், ஓர் அவித்த முட்டை. 10 மணிக்கு ஒரு குவளைப் பால். மதியம் 1 மணிக்குச் சோறு, உள்ளங்கையளவு மீன், பருப்பு, கீரை. மாலை 4 மணிக்கு ஒரு சிறு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். 7 மணிக்கு இரண்டு தோசை, அதோடு தெம்பேயோ தவ்ஹூவோ வதக்கியது. இரவு 10 மணிக்கு இரண்டு துண்டு முழுக்கோதுமை ரொட்டியும் ஒரு குவளைப் பாலும். கூட்டிப் பார்த்தால் புரதம் 80 கிராமை ஒட்டி வருகிறது.

தெம்பேயைப் பற்றி ஒரு வார்த்தை. சந்தையில் வாழை இலையில் சுற்றி விற்கிறார்களே, அது சோயாவைப் புளிக்க வைத்தது. 100 கிராமில் ஏறக்குறைய 19 கிராம் புரதம். விலையும் குறைவு. நாம்தான் அது மலாய்க்காரர் சாப்பாடு என்று தள்ளி வைத்திருந்தோம். அண்ணி அதை மிளகும் வெங்காயமும் போட்டு வறுத்ததில் இப்போது பேரப்பிள்ளைகளும் கேட்டுச் சாப்பிடுகிறார்கள்.

பகலில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காலியாக விடுவதில்லை. வயிற்றில் நீர் தேங்கியிருந்தபோது இரண்டு கவளத்திலேயே வயிறு நிறைந்துவிட்டது என்பார். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரே தட்டில் குவித்து வைப்பதில் பயனில்லை. சின்னத் தட்டு, அடிக்கடி. ஸ்கேனுக்கோ இரத்தப் பரிசோதனைக்கோ வெறும் வயிற்றோடு வரச் சொன்னால், காலையின் முதல் நேரத்தைக் கேட்டு வாங்குகிறோம். முடிந்ததும் சாப்பிடக் கையோடு டப்பா கொண்டுபோகிறோம்.

இந்த ஆறில் மிக முக்கியமானது இரவு பத்து மணி உணவுதான். நியூசிலாந்தில் நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரே சத்துணவை ஒரு பிரிவுக்குப் பகலிலும் மற்றதற்கு இரவிலும் ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். 2008-ல் முடிவு வந்தது. இரவில் சாப்பிட்டவர்களுக்கு மட்டும் ஏறக்குறைய இரண்டு கிலோ தசை கூடியிருந்தது. உணவு ஒன்றுதான், நேரம்தான் வேறு.

"இனிப்புநீர்க்காரர் இரவில் சாப்பிடலாமா?" என்று எனக்கும் பயமாக இருந்தது. அண்ணனுக்கு மருத்துவர் ஊசி அளவை அதற்கேற்ப மாற்றிக் கொடுத்தார். நாமாக மாற்றக் கூடாது. பத்து மணி உணவில் கண்டென்ஸ்ட் மில்க், குயே, இனிப்பு ரொட்டி ஆகியவற்றுக்கு இடமில்லை.

உப்பு, விட்டமின், கடைச் சாப்பாடு

வயிற்றில் நீர் தேங்குபவர்களுக்கு உப்பு அளவோடு இருக்க வேண்டும். நாளெல்லாம் சேர்த்து 5 கிராம், அதாவது ஒரு சிறு தேக்கரண்டி மட்டம். சமையலில் போடும் உப்பைவிட மறைந்திருக்கும் உப்புதான் ஆபத்து. கருவாடு, ஊறுகாய், அப்பளம், பிளாச்சான், கிச்சாப், சாடின் டின் எல்லாவற்றிலும் உப்பு கொட்டிக் கிடக்கிறது. ஒரு பொட்டலம் மீயைத் தூளோடு சாப்பிட்டால் ஒரு நாள் உப்பில் பாதி போய்விடும். புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், கொத்தமல்லி, கறிவேப்பிலை இருக்க நமக்கு என்ன குறை? ஆனால் உப்பை ஒரேயடியாக எடுத்ததால் சாப்பாடே இறங்கவில்லை என்றால் அதுவும் தப்பு. பட்டினியைவிடக் கொஞ்சம் உப்பு மேல் என்று உணவியல் நிபுணரே சொன்னார். பேரங்காடியில் விற்கும் 'குறைந்த சோடிய' மாற்று உப்பை வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கும். நீர் இறங்கக் கொடுக்கும் சில மாத்திரைகளோடு சேர்ந்தால் இதயத்துக்கு ஆபத்து.

சிரோசிஸில் நுண்சத்துகளும் குறைகின்றன. பித்தநீர் சரியாக வராததால் கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே விட்டமின்கள் உடம்பில் சேர்வதில்லை. துத்தநாகம் குறைந்தால் நாக்கில் சுவை செத்துவிடும். அண்ணன் "எல்லாம் சக்கை மாதிரி இருக்கு" என்று சொன்னதற்கு அதுவும் காரணமாக இருந்திருக்கலாம். குடிப்பழக்கம் இருந்தவர்களுக்கு பி1 விட்டமின் குறைவு அடிக்கடி வரும். அதைக் கவனிக்காவிட்டால் மூளை பாதிக்கும். ஆனால் மருந்துக்கடையில் நாமாக மாத்திரை வாங்கிப் போடக்கூடாது. விட்டமின் ஏ அளவு மீறினால் கல்லீரலுக்கே நஞ்சு. இரும்புச்சத்தும் பரிசோதித்த பிறகுதான். அண்ணனுக்கு விட்டமின் டி குறைவு என்று இரத்தத்தில் தெரிந்த பிறகே மருத்துவர் எழுதிக் கொடுத்தார்.

பினாங்கில் இருந்துகொண்டு வெளிச்சாப்பாட்டைத் தவிர்ப்பது முடிகிற காரியமா? நாசி கண்டார் கடைக்குப் போனால் அண்ணன் இப்போது சோறு, அவித்த முட்டை அல்லது கோழி, வெண்டைக்காய் என்று எடுத்துக்கொள்கிறார். குழம்பை மட்டும் வெள்ளமாக ஊற்ற விடுவதில்லை. உப்பும் எண்ணெயும் அதில்தான். சார் குவே தியாவில் போடுகிற கெராங் சிப்பியை அரைவேக்காட்டில் சாப்பிடவே கூடாது. வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ என்னும் கிருமி அதில் இருக்கலாம். மற்றவர்களுக்கு வயிற்றுப்போக்கோடு போகிறது, கல்லீரல் நோயாளியின் இரத்தத்தில் கலந்து உயிரைக் குடிக்கும். பச்சை மீன், பச்சைச் சிப்பி எல்லாவற்றுக்கும் இதே விதி.

ஒரே ஒரு நல்ல செய்தி, காப்பிக்குத் தடையில்லை. காப்பி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு குறைவாக இருப்பதாகவே ஆய்வுகள் காட்டுகின்றன. சீனியும் கண்டென்ஸ்ட் மில்க்கும் போடாத காப்பி. மது மட்டும் ஒரு துளியும் ஆகாது, எந்தக் காரணத்தால் வந்த சிரோசிஸாக இருந்தாலும்.

சாப்பிட்டால் மட்டும் தசை வந்துவிடாது. மாலையில் கர்ப்பால் சிங் டிரைவ் கடலோரத்தில் அண்ணன் அரை மணி நேரம் நடக்கிறார். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுகிறார். முதல் வாரம் மூன்று முறை, இப்போது பதினைந்து.

விரதம் என்ன ஆயிற்று?

எழுதத் தயங்கிய பகுதி இது. மருத்துவர் விரதம் கூடாது என்றதும் அண்ணன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. முப்பது ஆண்டுகளாகத் தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் எடுத்தவர். "சாப்பிட்டுட்டு எப்படி அவன் முன்னால போய் நிப்பேன்?" என்றார்.

அண்ணிதான் வழி கண்டார். சைவம் இருங்கள், ஆனால் ஆறு வேளையும் சாப்பிடுங்கள் என்றார். பாலும் தயிரும் பருப்பும் தெம்பேயும் இருக்கும்போது சைவத்தில் சத்துக்குக் குறையில்லை. டெல்லி ஆய்வு காட்டியதும் அதைத்தானே? ரமலானில் நோன்பு வைக்கும் நம் முஸ்லிம் சகோதரர்களுக்கும் இது பொருந்தும். நோய் முற்றியிருந்தால் நோன்புக்கு முன் மருத்துவரையும், மார்க்க அறிஞரையும் கலந்து பேசுங்கள். நோயாளிக்கு அங்கேயும் சலுகை உண்டு.

இந்த ஆண்டுத் தைப்பூசத்தில் அண்ணன் 513 படிகளும் ஏறவில்லை. அடிவாரத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு மோர் ஊற்றிக் கொடுத்தார். பால்குடத்தை மகன் எடுத்துப் போனான். பகல் ஒரு மணிக்கு அண்ணி டிபன் கேரியரைத் திறந்தார். சுற்றிலும் விரதக்காரர்கள் நிற்க, அண்ணன் தலை குனிந்துகொண்டு பருப்புச் சோற்றைச் சாப்பிட்டார். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், "சாப்பிடுப்பா, நல்லாச் சாப்பிடு" என்று மட்டும் சொன்னார்.

அண்ணனின் கல்லீரல் பழையபடி ஆகிவிடவில்லை. ஆகாது என்றும் எங்களுக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கொரு முறை மருத்துவமனைக்குப் போகிறோம். கறுப்பாக மலம் போனால், வாந்தியில் இரத்தம் வந்தால், காய்ச்சலோடு வயிறு வலித்தால், பேச்சு குழறினால் மறுநாள் வரை காத்திராமல் உடனே ஓட வேண்டும் என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறோம். ஆனால் அந்த ஒன்பது நாளுக்குப் பிறகு அவர் வார்டில் படுக்கவில்லை. கடைசியாக அளந்தபோது கைப்பிடி 26 கிலோ. எல்லையைத் தொட இன்னும் இரண்டு கிலோ இருக்கிறது.

உங்கள் வீட்டில் இந்த நோய் இருந்தால், அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இவருக்கு நீர் நீங்கிய எடை எவ்வளவு? ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம்? எங்களை உணவியல் நிபுணரிடம் அனுப்புவீர்களா? ஏழு மாதம் நான் இந்த மூன்றையும் கேட்கவில்லை.

இரவு பத்து மணிக்கு மூன்றாம் மாடியிலிருந்து அண்ணியின் குரல் எனக்குக் கேட்கும். "இந்த நேரத்துல யாரு சாப்பிடுவா?" என்று அண்ணன் முணுமுணுப்பதும் கேட்கும். பிறகு கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. சாப்பிடுகிறார் என்று தெரிந்துகொண்டு நான் விளக்கை அணைப்பேன்.